தூண்டிலோடு சிம்கோ கரைக்குப் போகுமுன்

ரொறன்ரோவில் இருப்பவர்கள் பாஸ் மீனைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கிறது சிம்கோ ஏரி. பாறையும் தெளிந்த நீரும் உள்ள அந்த ஏரி ஸ்மோல்மவுத் பாஸுக்குப் பேர்போனது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கில் போர்ட் பெரியை ஒட்டிய ஸ்கூகோக் ஏரி ஆழம் குறைந்தது, நீர்ச்செடி மண்டியது. லார்ஜ்மவுத் பாஸ் விரும்பும் இடம் அதுதான். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் ரைஸ் ஏரி வந்துவிடும். கார் இல்லாதவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே ஹை பார்க்கின் கிரெனடியர் குளம் இருக்கிறது. ஸ்காபரோக்காரருக்குப் பக்கத்தில் பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் குடா.

எங்கே மீன் அகப்படும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே எந்த இடத்தில் நிற்கலாம், யாருக்கு நம்மைக் கேள்வி கேட்க அதிகாரம் உண்டு, வம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

2007இல் சிம்கோ ஏரிக் கரையிலும் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினர் தாக்கப்பட்டார்கள். பின்னாலிருந்து நீருக்குள் தள்ளினார்கள், தூண்டில் சாமான்களை வீசி எறிந்தார்கள், இன வசை பேசினார்கள். ஒரு சம்பவத்தில், தாக்கப்பட்டவர்கள் தப்பியோடிய காரைத் துரத்தியதில் விபத்து நேர்ந்து ஓர் இளைஞருக்கு மூளையில் கடும் காயம் ஏற்பட்டது. துரத்தியவர் பின்னர் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை நடத்தி, ‘அச்சமின்றி மீன்பிடித்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2008இல் அறிக்கை வெளியிட்டது. ‘இவர்கள் சட்டத்தை மதிப்பதில்லை, அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள்’ என்ற முன்முடிவு இனவெறிக்கு எப்படிப் போர்வையாகிறது என்பதை அந்த விசாரணை வெளியே கொண்டுவந்தது. தாக்கப்பட்டவர்களில் பலர் முறைப்பாடு செய்யவே தயங்கியிருந்தார்கள். என்னை அதிகம் வருத்துவது இந்தத் தயக்கம்தான். சொல்லப்படாத தாக்குதல் எந்தப் பதிவிலும் ஏறாது. பதிவில் இல்லாததை ‘நடக்கவேயில்லை’ என்று சொல்லிவிடுவது எளிது.

ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. சட்டப்படி மீன்பிடிக்கும் ஒருவருக்கு இடையூறு செய்வதே குற்றம் என்கிறது அது. மீன், வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரியும் பொலிஸும் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். கரையில் நடந்துபோகும் ஒருவர் உங்கள் வாளியைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டவேண்டிய கடமை இல்லை.

‘சட்டப்படி’ என்ற சொல்லில்தான் நம் பங்கு இருக்கிறது. 18 வயதிலிருந்து 64 வயது வரையானவர்களுக்கு மாகாண அரசின் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். 18க்குக் கீழும் 65இலும் அதற்கு மேலும் உள்ள கனடாவாசிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் மற்ற எல்லா விதிகளும் அவர்களுக்கும் உண்டு. லைசென்ஸில் இரண்டு வகை. பெரும்பாலான மீன்பிடி மண்டலங்களில் ‘ஸ்போர்ட்’ லைசென்ஸுக்கு நாளொன்றுக்கு ஆறு பாஸ், ‘கன்சர்வேஷன்’ லைசென்ஸுக்கு இரண்டு. இது கையில் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையும்கூட: நேற்றுப் பிடித்து வீட்டு ஃப்ரீசரில் வைத்த மீனும் கணக்கில் சேரும். பிடித்ததை விற்கக் கூடாது.

பருவத்தைப் பற்றி இன்னும் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் தெரியாமல் தவறுகிறவர்கள் இங்கேதான் அதிகம். வசந்தத்தில் நீர் சூடேறும்போது ஆண் பாஸ் கரையோரத்து ஆழமற்ற இடத்தில் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும், காவல் ஆணுடையது. அந்த நேரம் கூட்டருகே எது வந்தாலும் பாயும் என்பதால் தூண்டிலில் மிக எளிதாக அகப்படும். அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு உடனே நீரில் விட்டாலும், அந்தச் சில நிமிடங்களில் சின்ன மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதி வரை திறக்காததற்கு இதுவே காரணம். திறக்காத பருவத்தில் ‘பிடித்து விட்டுவிடத்தானே போகிறேன்’ என்று பாஸுக்குத் தூண்டில் போடுவதும் குற்றமே. சிம்கோ 16ஆம் மண்டலம், ஸ்கூகோக்கும் ரைஸும் 17, ஒன்ராறியோ ஏரி 20. மண்டலத்துக்கு மண்டலம் விதி மாறும் என்பதால் அந்த ஆண்டின் மாகாண விதித்தொகுப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது நிற்கும் இடம். லைசென்ஸ் இருப்பதால் தனியார் காணிக்குள் நுழையும் உரிமை வந்துவிடாது. சிம்கோக் கரையின் பெரும்பகுதி வீட்டுக்காரர்களுடையது. ஊராட்சியின் படகுத்துறைகள், பூங்காக்கள், படகு இறக்கும் இடங்கள்தான் நமக்கானவை. மாகாண அரசின் ‘ஃபிஷ் ஆன்லைன்’ வரைபடத்தில் எந்த ஏரியில் என்ன மீன், பொதுமக்கள் எங்கே இறங்கலாம் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

பிடித்த மீன் சட்டிக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. பாஸ் மற்ற மீன்களைத் தின்று வளர்வது, ஆகவே பாதரசம் அதன் தசையில் சேரும். மீன் பெரிதாகப் பெரிதாக அளவும் கூடும். கொழுப்பை வெட்டினாலும் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் பாதரசம் போகாது. ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உணவு வழிகாட்டி ஏரிவாரியாக, நீளவாரியாக, மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சொல்கிறது. பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனி அளவு உண்டு. ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைத் தவிருங்கள்.

யாராவது மிரட்டினால் வாக்குவாதத்தில் இறங்காமல், வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கம் நகருங்கள். ஆபத்தென்றால் 911. நேரம், இடம், வாகன இலக்கம், பேசிய சொற்கள் எல்லாவற்றையும் அப்போதே கைபேசியில் குறித்துவையுங்கள். இன வசை பேசியிருந்தால் அதைப் பொலிஸிடம் தவறாமல் சொல்லுங்கள்: இன வெறுப்பு நோக்கத்தை, தண்டனையைக் கூட்டும் காரணமாகக் கனடாக் குற்றவியல் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மீன்பிடிச் சட்ட மீறல்களை 1-877-847-7667 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். படகு வாடகைக் கடையிலோ பூங்காவிலோ இனத்தின் பேரால் சேவை மறுக்கப்பட்டால் அது மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகக்கூடிய விடயம். மனித உரிமைச் சட்ட உதவி மையம் கட்டணமின்றி ஆலோசனை தரும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.