வணிகனின் சரக்கும் மாலுமியின் உயிரும்

துணிந்து ஒரு தொழிலில் இறங்குகிறவரைப் பார்த்து, "உயிரைப் பணயம் வைத்து இறங்கியிருக்கிறார்" என்று சொல்வதுண்டு. முதலைப் பணயம் வைப்பதும் உயிரைப் பணயம் வைப்பதும் ஒன்றுதானா? இதற்கு விடை காண ஒரு பழைய கணக்கு உதவும்.

1738ஆம் ஆண்டில் டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு வணிகன் வருகிறான். அவனுக்கு உள்ளூரில் 4,000 டூக்கட் பெறுமானமுள்ள பொருள் உண்டு. டூக்கட் என்பது அக்காலத் தங்க நாணயம். மேலும் 8,000 டூக்கட் பெறுமானமுள்ள சரக்கைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டும். பத்துக் கப்பல்களில் ஒன்று மூழ்கிவிடுகிறது.

முழுச் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றினால், எல்லாம் பறிபோகும் வாய்ப்பு பத்தில் ஒன்று. இரு கப்பல்களில் பாதி பாதியாக ஏற்றினால் அது நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. இரு முறையிலும் சராசரியாக வந்து சேர்வது 7,200 டூக்கட்தான். ஆனால் கையிருப்புக் குறையக் குறைய ஒவ்வொரு காசின் அருமையும் கூடும் அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்கிட்டார் பெர்னூலி. ஒரே கப்பலில் வரும் சரக்கு வணிகனுக்கு 6,751 டூக்கட்டுக்குச் சமம்; இரு கப்பல்களில் வந்தால் 7,033. பிரித்து ஏற்றியதற்கே இந்த லாபம்!

அதே கப்பலில் செல்லும் மாலுமியை இப்போது நினைத்துப் பாருங்கள். அவன் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ள முடியாது. கப்பல் மூழ்கினால் அவனும் மடிவான் என்று கொண்டால், பத்துப் பயணங்களுக்குப் பின் அவன் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடே. வணிகன் ஒரு பயணத்து நட்டத்தை அடுத்த பயணத்தில் ஈடு செய்யலாம். மாலுமிக்கோ அடுத்த பயணமே இல்லை.

வீட்டையும் நகையையும் அடகு வைத்துத் தொழில் தொடங்கும் சிறு வணிகர், முழுச் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றியவர்தாம். அவருடைய துன்பம் பெரிது. ஆயினும் அவர் மீண்டும் எழ வழியுண்டு.

இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில், பழுதான கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, பெருந்தொகைக்கு இன்ஷூர் செய்து அனுப்பிய முதலாளிகள் இருந்தனர். கப்பல் மூழ்கினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அவற்றைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர். பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிலிம்சால் போராடியதன் பயனாக, 1876இல் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரைவது கட்டாயமாயிற்று. ஆனால் அதை எந்த உயரத்தில் வரைவது என்பது முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது! 1890களில்தான் சட்டம் அதன் இடத்தையும் நிர்ணயித்தது.

பணத்துக்கு வரும் இடரைப் பிரிக்கலாம், இன்ஷூர் செய்யலாம், பிறர் தலையில் ஏற்றியும் விடலாம். உடலுக்கு வரும் ஆபத்தை, அதைச் சுமக்கிறவன் அப்படிச் செய்ய இயலாது. ஆகவே ஒரு முதலாளியின் துணிவைப் போற்றுமுன், அந்தக் கப்பலில் ஏறியிருப்பவர் யார் என்று கேட்பது நம் கடமை.