கவிழ்த்துக் காட்டு!

மயிலாப்பூர் மாட வீதிகளில் பால்காரர் மாட்டையே வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து கறந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு மாமி திண்ணையருகே வந்து நின்றுகொள்வாள்.

"ஏம்ப்பா, செம்பைக் கவிழ்த்துக் காட்டு!"

"நல்லாப் பாத்துக்கோங்கம்மா! ஒரு சொட்டுத் தண்ணி இருக்குதா?"

செம்பு தலைகீழாகும். சொட்டு விழாது. மாமிக்குத் திருப்தி. மடியில் கை வைக்கப் பால்காரருக்கு உத்தரவு கிடைத்துவிடும்.

பால் பாத்திரத்தைக் கண்காணிக்கும் கலை நம் பாட்டிமாருக்கு அன்றே தெரிந்திருந்தது என்று பெருமைப்படலாம். ஆனால் நேயர்களே, ஒரு சங்கதி! மாமி தேடியது தண்ணீரை. செம்பின் அடியிலும் விளிம்பின் மடிப்பிலும் நேற்றைய பால் ஒட்டிக்கொண்டிருந்தால், அது கவிழ்த்தாலும் விழாதே! தண்ணீர் கலந்தால் முதல் நஷ்டம் காசுக்கு. பழம்பால் கலந்தால் நஷ்டம் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அல்லவா?

நோயில்லாத மாட்டின் மடியிலிருந்து வரும் பாலில் கிருமிகள் மிகச் சொற்பம். பெரும்பாலானவை வழியில் ஏறிக்கொள்பவை. கறப்பவர் கை, மடியின் அழுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாத்திரம், இவைதான் அவை ஏறும் இடங்கள். வெதுவெதுப்பான பாலில் ஒரு கிருமி 20 நிமிஷத்தில் இரண்டாகக் கூடும். அந்தக் கணக்கில் ஆறு மணி நேரத்தில் ஒன்று 2,62,144 ஆகிவிடும். கந்துவட்டிக்காரன்கூட இந்த வேகத்தைக் கண்டு வெட்கப்படுவான்!

நாளடைவில் சென்னையில் மாடு வாசலை விட்டுப் போயிற்று. நகரத்து மாடுகளுக்காக மாதவரத்தில் பால் காலனி ஏற்பட்டது. 1958-ல் பால்வளத் துறை தோன்றியது. 1963-ல் நியூஸிலாந்து நாட்டின் உதவியோடு மாதவரம் பால் பண்ணை எழுந்தது. 1981-ல் கூட்டுறவு இணையம் பிறந்து, 'ஆவின்' என்ற பெயர் வீட்டுக்கு வீடு புழங்கலாயிற்று. தென் சென்னைக்குப் பக்கத்தில் சோழிங்கநல்லூரிலும் ஒரு பண்ணை வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்து மாடு கறந்த பால் இன்று டாங்கர் லாரியில் ஏறி வருகிறது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பொழுது விடியுமுன் பாக்கெட்டாக வாசலில் கிடக்கிறது. எல்லாம் சௌகரியந்தான். ஆனால் டாங்கர் லாரியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்ல முடியுமா?

பெரிய பண்ணைகளில் கறவை யந்திரமும் வந்துவிட்டது. காற்றை உறிஞ்சி, மடியின் நான்கு காம்புகளிலும் பொருந்திய நான்கு கிண்ணங்களால் பாலை இழுக்கும் சாதனம் அது. கிண்ணத்துக்குள் ரப்பர் உறை இருக்கும். ரப்பர் நாளாக நாளாக வெடிக்கும். வெடிப்புக்குள் கிருமி குடித்தனம் நடத்தும். அதனால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், சுமார் 2,500 தடவை கறந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

கழுவுவதிலும் வரிசை உண்டு. எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றக்கூடாது! பாலிலுள்ள புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில், கறந்த கையோடு, வெதுவெதுப்பான நீரால் அலச வேண்டும். பிறகு சூடான காரக் கரைசல். அது கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும். மறுபடி நல்ல நீர். அவ்வப்போது அமிலக் கரைசல் ஒன்றும் தேவை. உப்புச் சத்துள்ள கடின நீர் புழங்கும் இடங்களில் சுண்ணாம்பும் பாலும் சேர்ந்து பாறைபோல் படியும். அதற்குப் பாற்கல் என்று பெயர். காரத்துக்கு அசையாத பாற்கல் அமிலத்துக்கு இளகும். கடைசியில் கொதிநீரோ குளோரின் நீரோ விட்டுக் கிருமியைக் கொன்று, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

சரி, கழுவியாயிற்று. உண்மையிலேயே சுத்தமா? அதைப் பார்ப்பதுதான் கண்காணிப்பு.

முதல் கருவி கண். சுத்தமான உலோகத்தில் நீர் ஒரே படலமாக வழியும். முத்து முத்தாக நின்றால் கொழுப்பு போகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது கருவி விரல். வழுவழுத்தால் கொழுப்பு, சொரசொரத்தால் பாற்கல். மூன்றாவது மூக்கு. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கழற்ற முடியாத நீண்ட குழாய்களைக் கழற்றாமலே கழுவுகிறார்கள். அங்கே உஷ்ணமானியும் கடிகாரமும் காவல். கரைசல் உள்ளே போகும்போது இருந்த சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. திரும்பி வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எத்தனை நிமிஷம் ஓடிற்று, காரத்தின் கடுமை என்ன, கடைசி அலசலில் காரம் மிச்சமிருக்கிறதா என்பதையும் குறித்து வைப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மக்எல்ராய் மின்மினிப் பூச்சியின் ஒளியை ஆராய்ந்தார். பூச்சி பிடித்துக் கொடுக்கும் சிறுவர்களுக்கு நூற்றுக்கு 25 சென்ட் கூலி! எல்லா உயிரணுக்களிலும் உள்ள ஏ.டி.பி. என்ற பொருள் இருந்தால்தான் அந்த ஒளி உண்டாகும் என்று அவர் கண்டார். அந்தத் தத்துவத்தில் இன்று ஒரு கருவி இருக்கிறது. கழுவிய இடத்தைப் பஞ்சால் துடைத்து, மின்மினி மருந்தில் தோய்த்துக் கருவியில் வைத்தால், ஒளியை அளந்து எண்ணாகக் காட்டும். எண் கூடினால் அழுக்கும் கூட! பதில் சில விநாடிகளில் வந்துவிடும்.

பாலைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. மெதிலீன் நீலம் என்ற சாயத்தில் சில துளி விட்டு 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். கிருமி மிகுந்தால் நீலம் சீக்கிரம் வெளுக்கும். ஐந்து மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்தால், எங்கோ ஒரு பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்று சந்தேகிக்கலாம்.

"பண்ணையில்தான் 72 டிகிரியில் 15 விநாடி சுட வைக்கிறார்களே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்பீர்கள். நோய்க் கிருமிகள் அதில் மடியும், வாஸ்தவம். ஆனால் சூட்டைத் தாங்கும் கிருமிகள் சில உண்டு. அழுக்குப் பாத்திரத்தின் இடுக்குகள் அவற்றின் தாய்வீடு. புளித்த பாலைச் சுடவைத்து இனிக்க வைக்கவும் முடியாது.

கடைசியாக நம் வீட்டுச் சமையலறை. காலையில் பால் திரிந்துவிட்டால் ஊரையெல்லாம் வைகிறோம். குற்றவாளி சில சமயம் நம் அலமாரியிலேயே இருப்பான்! ரங்கநாதன் தெருவில் பால் பாத்திரம் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். கை முழுதும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். விளிம்பில் மடிப்பு வேண்டாம். காலியான உடனே அலசுங்கள். சூடான சோப்பு நீரால் தேயுங்கள். கொதிநீர் விட்டுக் கவிழ்த்து வையுங்கள். குழந்தையின் பால் புட்டிக்கும் ரப்பருக்கும் இதில் இரண்டு மடங்கு கவனம் தேவை.

மாமியின் கட்டளை இன்றைக்கும் சரியானதுதான். கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே விரலை விட்டுத் தடவியும் பாருங்கள்!