ஆர்ச்சி பங்கரைப் பார்த்து யார் சிரித்தார்கள்?

எல்லை மீறும் காமெடி தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ரெண்டே கட்சிதான். "இதையெல்லாம் டிவியில காட்டலாமா?" என்பது ஒன்று. "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கத் தெரியாதா?" என்பது இன்னொன்று. ரெண்டு கட்சியும் பார்ப்பது என்னவோ ஒரே விஷயத்தைத்தான்: என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு ஒரு கேள்வி. காட்சி முடியும்போது அசிங்கப்பட்டு நிற்பது யார்? சொன்னவனா, சொல்லப்பட்டவனா?

சுலபமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதில் டிவிக்காரர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம்.

ஆல்ஃப் கார்னெட் முதல் ஆர்ச்சி பங்கர் வரை

1960களின் நடுவில் பிபிசியில் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்று ஒரு தொடர் வந்தது. எழுதியவர் ஜானி ஸ்பெய்ட். கதை நாயகன் ஆல்ஃப் கார்னெட் கிழக்கு லண்டனின் உழைக்கும் வர்க்கத்து ஆசாமி. கறுப்பர்கள், யூதர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பெண்கள், இளைஞர்கள் என்று எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவருக்கு எதிரே இடதுசாரி மருமகன். வீட்டுக்குள் ஓயாத சண்டை.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செல் ஒரு யூதர், அரசியலிலும் இடது பக்கம். எழுதியவர், நடித்தவர் ரெண்டு பேருடைய நோக்கமும் ஆல்ஃபைக் கிண்டல் செய்வதுதான். ஆனால் "நல்லா குடுத்தீங்க சார் அவங்களுக்கு" என்கிற தொனியில் மிட்செலைப் பாராட்டியவர்களும் உண்டு. கிண்டலே தங்களைப் பற்றித்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

இதே தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் நார்மன் லியர். ஏபிசி இரண்டு முறை முன்னோட்டப் படம் எடுக்கவைத்துவிட்டு வேண்டாம் என்றது. கடைசியில் சிபிஎஸ்ஸில் 1971 ஜனவரியில் 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற பெயரில் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் ஆர்ச்சி பங்கர்தான் அமெரிக்க ஆல்ஃப். முதல் எபிசோடுக்கு முன்னால் சிபிஎஸ் பயந்துபோய் ஒரு அறிவிப்பு போட்டது: நம்முடைய பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் சிரிப்பாகக் காட்டுவதே இதன் நோக்கம் என்கிற மாதிரி. பயந்தது வீண். அடுத்தடுத்து ஐந்து வருஷம் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

லியர் ஆர்ச்சியை உருவாக்கும்போது தன் சொந்த அப்பாவையும் மனதில் வைத்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, அந்தப் பாத்திரத்தில் ஒரு ஒட்டுதல் இருக்கிறது. ஆர்ச்சி கொடூரமானவர் இல்லை. களைத்து வீட்டுக்கு வருகிற, மாறிக்கொண்டிருக்கிற உலகம் புரியாத ஒரு மனுஷன். நடித்த கேரல் ஓ'கானரும் பிரமாதமான நடிகர். பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு ஆய்வு சொன்னது

தொடர் வந்த அதே 1971இல் எழுத்தாளர் லாரா ஹாப்சன் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். வெறுப்பைப் பேசுகிறவனை இவ்வளவு அன்பானவனாகக் காட்டினால் வெறுப்பும் அன்பானதாகத் தெரியாதா என்பது அவர் கேள்வி. லியர் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். அவர் தரப்பு: ஆர்ச்சி பேசுவது அபத்தம் என்று தொடரே காட்டுகிறது, மருமகன் பதிலடி கொடுக்கிறான், பார்ப்பவர்களுக்குப் புரியும்.

புரிந்ததா? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள் நீல் விட்மார், மில்டன் ரோகீச் என்ற இரண்டு உளவியலாளர்கள். அமெரிக்கப் பள்ளி மாணவர்களையும் கனடாவின் பெரியவர்களையும் கேட்டு எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. முடிவு இதுதான்: தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் தொடர் பிடித்திருந்தது. ஆனால் ரெண்டு தரப்பும் பார்த்தது ரெண்டு வேறு தொடர்கள். முதல் தரப்புக்கு ஆர்ச்சிதான் நியாயமாகப் பேசுகிறவர், கடைசியில் ஜெயிக்கிறவரும் அவர்தான். இன்னொரு தரப்புக்கு அவர் மூக்குடைபடுகிறவர்.

இதை எனக்குத் தெரிந்த ஒருவரிடம் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ரெண்டு பேரும் ஆர்ச்சியின் ஒரே வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சொன்னார்: "என்னமோ போங்க, அந்த ஆளு உண்மையத்தானே சொல்றான்?" எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

2009இல் வந்த இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் போய் நின்றது. ஸ்டீஃபன் கோல்பேர் தன் 'கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் ஒரு வலதுசாரித் தொகுப்பாளராக வேஷம் கட்டுவார். லிபரல்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். பழமைவாதப் பார்வையாளர்களோ, இவர் கிண்டல் மாதிரி நடிக்கிறாரே தவிர மனசுல உள்ளதைத்தான் சொல்கிறார் என்று நம்பும் போக்குடையவர்களாக இருந்தார்கள். ரெண்டு தரப்பும் சிரித்ததில் மட்டும் வித்தியாசமே இல்லை.

சிரிப்பொலி செய்கிற வேலை

ஏன் இப்படி ஆகிறது? எனக்குத் தோன்றுகிற ஒரு காரணம் சிரிப்பொலி. 'ஆல் இன் த ஃபேமிலி'யை ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். ஆர்ச்சி ஏதாவது சொன்னவுடன் முந்நூறு பேர் கூட்டமாகச் சிரிக்கிற மாதிரி கேட்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் "எதுக்குச் சிரிச்சே?" என்ற விவரம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் தனக்கு வேண்டிய காரணத்தை அதில் போட்டுக்கொள்ளலாம். போதாததற்கு நல்ல வசனங்களில் பாதிக்கு மேல் ஆர்ச்சிக்குத்தான். மருமகன் வாதத்தில் ஜெயிப்பான், சிரிப்பை வாங்குவது மாமனார்.

இப்போது 2001இல் பிபிசியில் வந்த 'தி ஆபீஸ்' தொடரை இதோடு வைத்துப் பாருங்கள். ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீஃபன் மெர்ச்சன்ட் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி இயக்கியது. ஸ்லவ் ஊரில் ஒரு பேப்பர் கம்பெனி, அதன் மேனேஜர் டேவிட் பிரென்ட். தான் பெரிய காமெடியன், எல்லாருக்கும் நண்பன், ரொம்ப முற்போக்கு என்றெல்லாம் அவருக்கு நினைப்பு. இதில் சிரிப்பொலி கிடையாது. பிரென்ட் கேவலமாக ஒரு ஜோக் அடித்தால் அதற்குப் பின் வருவது மௌனம். கேமரா மெதுவாக எதிரில் இருப்பவர்களின் முகத்துக்குப் போகும். டிம் ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான்.

இரண்டாவது சீசனில் ஒரு தீயணைப்பு ஒத்திகை வரும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் ஊழியரை பிரென்ட்டும் கேரத்தும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். தான் எவ்வளவு நல்லவன் என்று கேமராவுக்குக் காட்ட வேண்டுமே! பாதி வழியில் கனம் தாங்காமல், ஒத்திகைதானே என்று அவரைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் காட்சியில் இருக்கிறார், காட்சி சிரிக்கவைக்கிறது, ஆனால் அசிங்கப்படுவது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த ரெண்டு ஆண்கள்தான். அந்த சீசன் முடிவதற்குள் பிரென்ட்டுக்கு வேலையும் போய்விடுகிறது.

தொடருக்கு உள்ளேயே பாத்திரம் ஒரு விலை கொடுக்கிறது, பாருங்கள். 2005இல் ஆரம்பித்து இன்றுவரை நீளும் 'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா'வும் வேறு வழியில் இதையே செய்கிறது. ஒரு மதுக்கடை நடத்தும் ஐந்து சுயநலப் பிறவிகள். அவர்களுடைய ஒவ்வொரு கேடுகெட்ட திட்டமும் கடைசியில் அவர்கள் தலையிலேயே விடியும். ஆர்ச்சியைப் போல நமக்குப் பிடித்துப்போகிற ஆள் இதில் ஒருத்தரும் இல்லை. அவர்களிடம் பாசம் வந்துவிடக் கூடாது என்பதில் எழுதியவர்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

தப்பான சிரிப்பு காதில் விழும்போது

ஆனால் எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினாலும் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்பதை எழுதுகிறவரால் முழுசாகக் கட்டுப்படுத்த முடியாது. டேவ் ஷப்பெல் கதை இதற்கு உதாரணம். 2003இல் காமெடி சென்ட்ரலில் தொடங்கிய 'ஷப்பெல்ஸ் ஷோ' கறுப்பர்கள் மீதான ஒரேமாதிரியான கற்பனைகளை எடுத்து மிகைப்படுத்திக் கிண்டல் செய்தது. 5 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. 2005இல் மூன்றாவது சீசன் படப்பிடிப்பு நடுவிலேயே விட்டுவிட்டு தென்னாப்பிரிக்கா போய்விட்டார்.

பிறகு ஓப்ராவிடம் அவரே ஒரு காரணம் சொன்னார். கறுப்புச் சாயம் பூசிய ஒரு குட்டிப் பிசாசாக நடித்துக்கொண்டிருந்தபோது படப்பிடிப்பு இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தன்னோடு சேர்ந்து சிரிப்பதாக அவருக்குப் படவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. எழுதியது அவர், நடித்தது அவர், கிண்டலின் நோக்கம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அப்படியும் ஒரு சிரிப்பு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போக அது ஒரு காரணமாக இருந்தது என்றால் விஷயம் சின்னது இல்லை.

அப்போ எடுத்துவிடுவதா?

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் பழைய எபிசோடுகளை வரிசையாகத் தூக்கின. இதில் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 'லிட்டில் பிரிட்டன்' போனது. அதில் வெள்ளை நடிகர்கள் சாயம் பூசிக்கொண்டு வேறு இனத்தவராக நடித்ததில் சாயமே ஜோக். அது போனதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. 'கம்யூனிட்டி'யில் ஒரு எபிசோடும் போனது. அங்கே சாயம் பூசிவந்த ஆளைப் பார்த்தவுடனேயே இன்னொரு பாத்திரம் குத்திக்காட்டிவிடும். 1975இல் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' தொடரின் 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடையும் எடுத்தார்கள், அதில் வரும் கிழட்டு மேஜரின் இனவெறிப் பேச்சுக்காக. அந்த மேஜரைக் கிண்டல்தானே பண்ணினோம் என்று ஜான் கிளீஸ் சத்தம் போட்டார். பிறகு எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பி வந்தது.

கிளீஸ் சொல்வது நியாயம். ஆனால் அது லியர் சொன்ன அதே பதில் என்பதையும் மறக்கக் கூடாது. நோக்கம் நல்லது என்பதோடு ஆட்டம் முடிந்துவிடுவதில்லை.

இதே அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் நிறைய இடத்தில் இடிக்கிறது. 2007இல் வந்த 'சிவாஜி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ரெண்டு பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பேர் வைத்து, முகத்தில் கறுப்பைப் பூசி நிறுத்தியிருப்பார்கள். அவர்களைக் கண்டு ஹீரோ தரப்பு அலறுவதுதான் ஜோக். அலறுகிறவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. மொத்த விலையையும் கொடுப்பது அந்த ரெண்டு பெண்கள், அவர்களோடு தியேட்டரில் உட்கார்ந்திருந்த கறுப்பான பெண்கள் எல்லாரும். இதில் வரம்பு மீறல்கூட எதுவும் இல்லை. கூட்டம் ஏற்கனவே நம்புவதையே திருப்பிச் சொல்லிக் கைத்தட்டு வாங்குகிறது. அமெரிக்கத் தொடர்களில் வரும் கெட்ட வார்த்தைகளுக்கு முகம் சுளிக்கிறவர்கள் இதைக் குடும்பத்தோடு பார்த்தார்கள்.

அதனால் ஒரு காமெடி கூர்மையானதா, வெறும் கொச்சையா என்று பார்க்க நான் மூன்று விஷயங்களைக் கவனிக்கிறேன். ஒன்று, காட்சி முடிவில் விலை கொடுப்பவர் யார். ரெண்டு, அந்த வெறுப்பு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸப்பில் போட்டால் யார் சந்தோஷமாக ஃபார்வர்ட் செய்வார்கள். மூன்று, கிண்டலுக்கு உள்ளாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்னால் அதே மாதிரி சிரிக்க முடியுமா. 'ஆல் இன் த ஃபேமிலி' முதலாவதில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். அதனால் அதைத் தடை செய்யணும் என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அது அருமையான தொடர். ஆனால் அதைப் பார்த்து ஒருவர் சிரித்தார் என்பதை வைத்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் பார்க்காதவர்கள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், பிரிட்டிஷ் 'ஆபீஸ்'தான் என் சிபாரிசு. ரெண்டு சீசனும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு எபிசோடு, அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். முதல் ரெண்டு எபிசோடு நெளியவைக்கும், விட்டுவிடாதீர்கள். கூட ஒருத்தரை வைத்துக்கொண்டு பாருங்கள். சிரிப்பொலி இல்லாததால் அவர் எங்கே சிரிக்கிறார் என்பது உங்களுக்குத் தெளிவாகவே கேட்கும்.