முகம் தெரிந்தால் சொல் தணியும்

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்ததாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. தமிழர்கள் நிறைந்த தாராவியும் தப்பவில்லை. எதிர்த் தெருவில் இருப்பவர் யாரென்றே தெரியாதபோது எந்த வதந்தியும் உண்மையாகிவிடுகிறது. இதை உணர்ந்துதான் 1994-இல் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, அன்றைய போலீஸ் கமிஷனர் சதீஷ் சஹானி, சமூகப் பணியாளர் சுஷோபா பார்வே ஆகியோர் முன்னின்று மொஹல்லா கமிட்டிகளை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, உருவாக்கினார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் போலீஸாரும் ஒன்றாக உட்கார்ந்து குறைகளைப் பேசுவதே அவற்றின் அடிப்படை. தாராவியில் பாவ் கோர்டே, வக்கார் கான் என்ற இருவரும் அதே வழியில் அமைதிப் பணி செய்தார்கள். அவர்களைப் பற்றி 2003-இல் ‘நாதா’ என்ற ஆவணப்படமும் வந்தது.

‘கூடிப் பேசினால் அநீதி மறைந்துவிடுமா?’ என்று கேட்கலாம். மறையாது, மறைக்கவும் கூடாது. குற்றத்துக்குத் தண்டனை தர வேண்டியது நீதிமன்றம். எந்தக் கமிட்டியும் அதற்கு மாற்றல்ல. ஆனால் ஒருவர் செய்த தவறை ஒரு சமூகத்தின் தலையில் கட்டாமல் தடுக்க, அக்கம்பக்கத்தாரால்தான் முடியும். மரியாதை என்பது கருத்தை விழுங்குவது அல்ல. செயலைக் கண்டிக்கலாம், ஆளை இழிவுபடுத்தக் கூடாது. கேள்விப்பட்டதைச் சம்பந்தப்பட்டவரிடமே விசாரித்த பிறகுதான் பரப்ப வேண்டும். இது பலவீனம் என்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: கோபத்தில் கத்த யாராலும் முடியும், எதிராளியின் பேச்சை முழுதாகக் கேட்கத்தான் துணிச்சல் வேண்டும். சண்டை மூண்டபின் ஆளைத் தேடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு இன்றே பேசிப் பழகுங்கள்.