உடலில் பதியும் பிழைகள்

சென்னை கோட்டூர்புரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை நாடி இன்று அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். 'எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே, இவருக்கு ஏன் வந்தது?' என்பது நோயாளிகளின் குடும்பத்தினர் பலருக்கும் எழும் கேள்வி.

அந்தக் கேள்வியிலேயே ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வழிவழியாக வரும் மரபணுக் குறைபாடு காரணமாகத் தோன்றும் புற்றுநோய்கள் 100-இல் 5 முதல் 10 வரைதான். எஞ்சியவற்றுக்குக் காரணமான மரபணுப் பிறழ்வுகள் பெரும்பாலும் பிறந்த பிறகு, வாழ்நாளில் நேர்பவை.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. என்னும் ஏடு இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஏட்டில் சேதம் நேர்வது அன்றாட நிகழ்வு. அதைச் செப்பனிடும் புரதங்களும் நம் உடலிலேயே உள்ளன. செப்பனிடப்படுவதற்கு முன்பே படியெடுப்பு நடந்துவிட்டால், பிழையே மூலப்பிரதியாகிவிடுகிறது. அதன்பின் அதைத் திருத்த உடலால் இயலாது. நிரந்தரப் பிறழ்வு என்பது இதுதான்.

இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. உயிரணுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் சில பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போதுதான் புற்றுநோய் உருவாகிறது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். விந்தணுவிலோ கருமுட்டையிலோ நேரும் பிறழ்வு மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்லும். நுரையீரலிலோ வாயிலோ நேர்வது அவரோடு முடிந்துவிடும்.

படியெடுப்பில் தற்செயலாக நேரும் பிழைகளை எவராலும் தடுக்க முடியாது. ஆனால், புறக்காரணங்கள் அப்படிப்பட்டவையல்ல. எக்ஸ் கதிர்கள் மரபணுப் பிறழ்வை உண்டாக்கும் என்று பழ ஈக்களைக் கொண்டு 1927-இல் நிறுவினார் ஹெர்மன் முல்லர். அதற்காக 1946-இல் நோபல் பரிசு பெற்றார். நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு புகைப்பவரின் நுரையீரல் உயிரணு ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்வுகள் சேர்வதாக 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரல் உயிரணுக்களின் மரபணுவைச் சிதைக்கிறது.

இவை தனிமனிதப் பழக்கங்களோடு முடிவதில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம், மரபணுவைச் சேதப்படுத்தும் நச்சு. அந்த ஆலையின் லாபத்தில் அவ்வூர் மக்களுக்குப் பங்கில்லை. நஞ்சில் மட்டும் பங்கு கிடைத்தது.

பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்போம். பொருளின் விலையில் சேராத செலவை வேறொருவர் சுமப்பது அது. இங்கே காலமும் குறுக்கே நிற்கிறது. 20 வயதில் வாங்கிய புகையிலைக்கான முழு விலை 50 வயதில்தான் தெரிகிறது. அதைச் செலுத்துவது பெரும்பாலும் குடும்பத்தின் சேமிப்பும் அரசின் மருத்துவ நிதியும்தான். இத்தனை காலந்தாழ்ந்து வரும் செலவைச் சந்தை தானாகக் கணக்கில் கொள்ளாது, அரசுதான் கொள்ளவேண்டும்.

அதற்கான வழிகள் நமக்குப் புதியவையல்ல. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்தவேண்டும் என்னும் கோட்பாட்டை உச்சநீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது. தமிழக அரசு 2013-இல் குட்காவுக்குத் தடை விதித்தது. ஆனால், நச்சுக் கழிவுகளை அகற்றுவதற்குப் பல்லாண்டுகள் காத்திருப்பதும், தடை செய்யப்பட்ட பொட்டலங்கள் மறைவாக விற்கப்படுவதும் தொடர்ந்தால் தீர்ப்பும் ஆணையும் ஏட்டளவிலேயே நிற்கும்.

நோய் வந்தவரிடம் 'விதி' என்று ஆறுதல் கூறுவது மனித இயல்பு. தடுத்திருக்கக்கூடிய நோய்க்கும் அதே சொல்லை அரசும் சமூகமும் சாக்காகக் கொள்ளலாகாது. உடல் திருத்தத் தவறிய பிழையைப் பின்னர் திருத்த முடியாது. அது நேரும் வாய்ப்பைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.