பல்லாவரம் கல்லுக்குள் ஒரு வலஞ்சுழி

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், பல்லாவரம் தாண்டியதும் வெட்டுப்பட்ட குன்றுகள் தெரியும். தினமும் பார்ப்பதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகைக்கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அதுவும் இந்தக் குன்றுகளின் இனமே என்று கண்டு வைத்த பெயர். அதற்கும் முன்பே, 1863 மே 30 அன்று, இதே பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் குவார்ட்சைட் கல்லில் செதுக்கியது.

பாறை, ஆயுதம் இரண்டுக்குள்ளும் இருப்பது குவார்ட்ஸ். தெளிவாக விளைந்தால் அதையே ஸ்படிகம் என்கிறோம். மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோம். இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு வலது, இடது தெரியும்.

சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் கிடைப்பதில் பெரும்பாலும் இடம்புரி, வலம்புரி அபூர்வம். ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் மற்றதாகாது. கண்ணாடியில் தெரியும் பிம்பமும் அசலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இந்தத் தன்மைக்குத்தான் வேதியியலில் கைரல் தன்மை என்று பெயர். குவார்ட்ஸில் இருப்பவை சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டுமே. இரண்டுக்கும் தனியாக வலது இடது கிடையாது. ஆனால் படிகமாக அடுக்கப்படும்போது அவை மாடிப்படிபோலச் சுழன்று ஏறுகின்றன. சில படிகங்களில் வலப்புறமாக, சிலவற்றில் இடப்புறமாக. ஒரே தளத்தில் அதிரும் மஞ்சள் ஒளியை அந்தச் சுழல் அச்சின் வழியே செலுத்தினால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் அதன் தளம் சுமார் 21.7 டிகிரி திரும்பிவிடும். பிரான்ஸில் இயற்பியலாளர் அரகோ 1811-லேயே இதைக் கண்டார். அதே குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கிவிட்டால் ஒளி திரும்பாது. பொருள் மாறவில்லை, சுழல் போய்விட்டது. ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் ஸ்படிகத்தையும் கண்ணாடி மணியையும் பிரித்தறிய இந்தக் குணமும் கைகொடுக்கிறது.

அப்படியானால் பல்லாவரத்துக் குன்றே ஒளியைத் திருப்ப வேண்டாமா? திருப்பாது. பாறைக்குள் லட்சக்கணக்கான குவார்ட்ஸ் துகள்கள் வலமும் இடமுமாகக் கலந்து, திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. இயற்கை சங்குக்குக் காட்டிய ஓரவஞ்சனையைக் கல்லுக்குக் காட்டவில்லை. ஒரே சுழியில் கனிமத்தை விளைவிப்பது எப்படி என்பது நானோ விஞ்ஞானிகள் சிலரின் தேடல்.

அதற்கு அவர்கள் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. உயிர்ப்பொருளிடம் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கனிமத்தை அனுப்பிவிட்டார்கள். நம் உடலின் புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குச் சுழி உண்டு. கோபால்ட் ஆக்சைடு நானோ துகள்களை வளர்க்கும்போதே சிஸ்டீனைச் சேர்த்தால், அது துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அணு அடுக்கையே லேசாக முறுக்கிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிகோலஸ் கோட்டோவ் குழுவினர் இதை 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அந்தத் துகள்கள் வலமாகச் சுழலும் ஒளியை ஓர் அளவிலும் இடமாகச் சுழலும் ஒளியை வேறு அளவிலும் உறிஞ்சுகின்றன. கோபால்ட் ஆக்சைடு காந்தத்துக்கு இசையும் பொருள் என்பதால், காந்தப்புலம் வைத்து அது ஒளியை விடும் அளவையும் மாற்ற முடிந்தது.

காந்தம் ஒளியைத் திருப்பும் என்பது 1845-ல் ஃபாரடே காட்டியதுதான். ஆனால் இரண்டு திருப்பமும் ஒன்றல்ல. குவார்ட்ஸ் வழியே போன ஒளி அதே வழியில் திரும்பி வந்தால் போகும்போது பட்ட திருப்பம் அவிழ்ந்துவிடும். காந்தம் தந்த திருப்பமோ திரும்பி வரும்போது இரட்டிப்பாகும். இந்த இரு குணங்களையும் ஒரே துகளில் சேர்த்து வைத்தது சாதாரணக் காரியம் அல்ல.

சுழியும் காந்தமும் சேர்ந்து செய்யும் இன்னொரு வேலை பெங்களூரில் நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர் சிலிக்காவில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைச் செய்து, இரும்புப் பூச்சு கொடுத்தார்கள். சுழலும் காந்தப்புலத்தில் அவை தாமும் சுழன்று முன்னேறும். பல்லில் ரூட் கெனால் செய்தபிறகும், பல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் கிருமிகள் தங்கிவிடும். மருந்து அங்கே எட்டாது. பிடுங்கிய பற்களில் இந்தத் திருகாணிகள் 2,000 மைக்ரோமீட்டர் ஆழம்வரை, அதாவது 2 மில்லிமீட்டர், போயின. காந்தப்புலத்தை வேகமாக மாற்றியபோது சூடாகிக் கிருமிகளைக் கொன்றன. 2022-ல் வந்த முடிவு இது. திருகாணியில் சுழி இல்லாவிட்டால் அது இருந்த இடத்திலேயே உருண்டுகொண்டிருக்கும். முன்னே தள்ளுவது அந்தப் புரி மட்டுமே.

இதெல்லாம் பெரிய ஆய்வகச் சமாச்சாரம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரைக்கும் சுழி உண்டு. கெட்டியான, தெளிந்த சர்க்கரைப் பாகைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். எல்சிடி திரையுள்ள லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்முன் வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்துத் திருப்பினால், திரை இருண்டுபோகும் இடத்திலும் பாகு மட்டும் ஒளிவிடும். வெறும் தண்ணீர் ஊற்றிய டம்ளரையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.