முகாம் நின்ற காலத்துத் தொண்டு

தமிழ்நாட்டில் தன்னார்வத் தொண்டு என்றாலே முகாம்தான். கண் முகாம், ரத்ததான முகாம், போலியோ சொட்டு மருந்து முகாம், கல்லூரி மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் என்று எதை எடுத்தாலும் ஓர் இடம், ஒரு நாள், ஒரு கூட்டம் வேண்டும். பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ பிடித்து, நோட்டீஸ் அடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலேயே நாடு முழுவதற்குமான ஊரடங்கும் தொடங்கியது. ஐந்து பேருக்கு மேல் கூடுவதே குற்றம் என்றானபோது, தொண்டு நிறுவனங்களிடம் பணமும் ஆளும் மனமும் இருந்தும் அவை பழகியிருந்த வடிவம் மட்டும் செல்லாமல் போயிற்று. கொரோனா காலத்தில் எந்தச் சேவை தாக்குப்பிடித்தது, எது முடங்கியது என்பதற்கு இதுவே முதல் விளக்கம்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரைப் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கும் பேரூராட்சி பத்தமடை. கன்னடியன் கால்வாய்ப் பாசனமும் கோரைப் பாய் நெசவும் இவ்வூரின் பிழைப்பு. இந்த அளவு ஊர்களுக்குப் பெரிய மருத்துவமனையும் ரத்த வங்கியும் திருநெல்வேலியில்தான். நடுவில் இருந்து இணைப்பவை அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், கோயில் அறக்கட்டளை, ஜமாத், கல்லூரி மாணவர் அணி ஆகியவை. நோயாளியை நகரத்துக்கு அழைத்துப் போவதும், நகரத்து மருத்துவரை ஊருக்குக் கொண்டுவருவதுமே இவற்றின் வேலையில் பெரும்பங்கு. பேருந்து நின்றதும் இந்த இணைப்பும் அறுந்தது. 2020 ஜூன் 1 முதல் மண்டலங்களுக்குள் ஓடத் தொடங்கிய பேருந்துகள் அந்த மாதக் கடைசியில் மறுபடி நின்றன. செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள்ளும், 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டமும் ஓடின.

அதிக அடி வாங்கியது கண் முகாம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது. அதன் இலவசக் கண்புரை அறுவைச் சிகிச்சைகளுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தவை பெரும்பாலும் ஊர் முகாம்கள். இடம், விளம்பரம், சாப்பாடு ஆகியவை உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையின் பொறுப்பு. புரை முற்றியவர்களை அன்றே பேருந்தில் ஏற்றிப்போய், அறுவை செய்து, சில நாளில் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். பார்வை மங்கிய ஒரு கிழவி தனியாகப் பேருந்து ஏறி நகரத்துக்குப் போவது நடக்காத காரியம். தெருவில் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள் என்றால்தான் அவளும் கிளம்புவாள். இந்தத் துணையைக் கொடுத்ததுதான் முகாமின் உண்மையான பலம். கொரோனாவில் ஆபத்தாகிப்போனதும் அதே துணைதான். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஒரே பேருந்து, ஒரே கூடம், வரிசையாகப் பாய் விரித்த படுக்கை என்று நோய்த்தொற்றுக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது.

முகாம்கள் அடியோடு நின்றன. கண்புரை உயிரைக் குடிக்கும் நோயல்ல என்பதால் அதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவானது. அது தவிர்க்க முடியாத முடிவு. ஆனால் தள்ளிப்போட்டதற்கும் ஒரு விலை உண்டு. அறுவை தாமதமானால் புரை முற்றிக் கடினமாகும், சிலருக்கு லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தம் ஏறும். அப்படி ஏறிய அழுத்தம் கண் நரம்பைக் கெடுத்துவிட்டால் பிறகு அறுவை செய்தும் பார்வை முழுதாகத் திரும்பாது. ஊரடங்குக்குப் பின் முற்றிய புரையோடு வந்தவர்கள் அதிகம் என்பதைத் தென்னிந்தியக் கண் மருத்துவமனைகள் பதிவு செய்தன. இந்த இடைவெளியில் கைகொடுத்தவை சிற்றூர்ப் பார்வை மையங்கள். அரவிந்த் 2004 முதல் அமைத்துவரும் இம்மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்து ஆலோசனை சொல்வார். ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஐந்நூறு பேரை ஒரே நாளில் பார்க்கும் முகாமோடு ஒப்பிட்டால் பார்வை மையம் சின்ன ஏற்பாடுதான். ஆனால் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பது அதன் சிறப்பு.

கண்தானம் வேறு வகையில் நின்றது. இறந்தவரின் வீட்டுக்கே போய், ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்து வருவது இதன் முறை. யாராவது இறந்தால் குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசிச் சம்மதம் வாங்குபவர்கள் அரிமா, ரோட்டரி அன்பர்களே. அந்த நேரத்தில் அந்த வீட்டில் அப்படிப் பேசுவது எளிதான காரியமல்ல. இந்தியக் கண் வங்கிச் சங்கம் 2020 மார்ச்சில் வீடு சென்று எடுப்பதை நிறுத்தச் சொன்னது. மருத்துவமனையில் இறப்பவர்களிடமிருந்து மட்டும் பெறும் வழி எஞ்சியது. பல ஆண்டு பழகிய தொண்டர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ரத்ததானத்தை அப்படி நிறுத்த முடியாது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களை ஐந்து நாள்தான். தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பிரசவமும் ஊரடங்குக்குக் காத்திருக்காது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. அதன்பின் ரத்த வங்கிகள் நம்பியிருந்தது கல்லூரி முகாம்களை. கல்லூரிகள் மூடிக்கிடந்ததால், கோடை விடுமுறையில் வரும் ரத்தப் பஞ்சம் ஆண்டு முழுக்க நீடித்தது. ஊரடங்கிலும் ரத்தம் சேகரிப்பது அத்தியாவசியச் சேவை என்று தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் அறிவித்தது. கூட்டம் சேர்க்காமல், நேரம் குறித்து, சிலர் சிலராக வரவழைக்கச் சொன்னது. தொண்டர்கள் முகாமை விட்டுப் பட்டியலுக்கு மாறினார்கள். எந்த வகை ரத்தம், யார், எந்தத் தெரு, கடைசியாகக் கொடுத்தது எப்போது என்ற விவரம் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் போதும். கொடையாளி தன் வண்டியில் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

இரண்டாம் அலையில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. தடுப்பூசி போட்டால் கடைசித் தவணைக்குப் பின் 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் விதி வந்தது. மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவிப்பும் வந்தது. ரத்தம் கொடுக்கும் வயதினர் எல்லோருமே ஒரே சமயத்தில் விலகி நிற்கும் நிலை. ஊசி போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள் என்று தொண்டு அமைப்புகள் நாடெங்கும் கேட்டுக்கொண்டன. மே மாதத் தொடக்கத்தில் அந்த 28 நாள் ஒவ்வொரு தவணைக்கும் பின் 14 நாள் என்று குறைக்கப்பட்டது.

போலியோ ஒழிப்பில் ரோட்டரியின் பங்கு பழையது. உலகளாவிய திட்டத்தை அது 1985-ல் அறிவித்தது. அதற்கும் முன்பே, 1980-களின் தொடக்கத்தில், வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜானும் உள்ளூர் ரோட்டரியும் சேர்ந்து ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2011-க்குப் பின் இந்தியாவில் யாரையும் இயற்கை வகைப் போலியோ வைரஸ் தாக்காததால், 2014-ல் போலியோ இல்லா நாடு என்ற சான்று கிடைத்தது. எனவே கொரோனா இடைவெளி இங்கே பெரிய சேதம் செய்யவில்லை. 2021 ஜனவரி 17-ல் நடக்க வேண்டிய சொட்டு மருந்து நாள், முந்தின நாள் கொரோனா தடுப்பூசி தொடங்கியதால் 31-க்குத் தள்ளிப்போனது, அவ்வளவே. உலக அளவில் 2020 மார்ச்சிலிருந்து சுமார் நான்கு மாதம் முகாம்கள் நின்றன. நோய் இன்னும் எஞ்சியிருந்த பாகிஸ்தானில் அவ்வாண்டு 84 பேரையும் ஆப்கானிஸ்தானில் 56 பேரையும் இயற்கை வகைப் போலியோ வைரஸ் தாக்கியது.

உணவு விஷயத்தில் சிக்கல் நிர்வாகத்தோடு. ஊரடங்கின் முதல் வாரங்களில் யார் வேண்டுமானாலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் மூன்று குழு கொடுக்கும், அடுத்த தெருவுக்கு ஒன்றும் வராது. கூட்டமும் முண்டியடித்தது. கட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் நேரடியாக வழங்கக் கூடாது, பொருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 12-ல் தமிழக அரசு அறிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 48 மணி நேரத்துக்கு முன் அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, ஓட்டுநருடன் மூன்று பேர் மட்டும் போய் வழங்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. அரசின் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பசித்தவன் வீடு எது என்று தாலுகா அலுவலகத்துக்குத் தெரிவதைவிடத் தெருமுனைக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். நீதிமன்ற ஏற்பாடு இரண்டுக்கும் இடம் விட்டது.

யாரும் முன்வராத வேலையும் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. இறுதிச் சடங்கைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது. சட்டம் கல்லெறிபவனைத் தடுக்கும், உடலைத் தூக்க ஆள் தராது. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடையணிந்து, எந்த மதத்தவர் என்று பாராமல், அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்தார்கள். இதற்கு முகாம் வேண்டாம், மேடை வேண்டாம். நாலைந்து பேரும் ஒரு வண்டியும் போதும்.

தொண்டு எப்போதும் முகாமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1897-ல் தொடங்கப்பட்ட ராமகிருஷ்ண மிஷன், 1899-ல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது சகோதரி நிவேதிதையின் முன்னின்ற உழைப்பில் சேரித் தெருக்களைத் துப்புரவு செய்யும் பணியில் இறங்கியது. பத்தமடையில் 1887 செப்டம்பர் 8-ல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் படித்து 1913-ல் மலாயா போய் ரப்பர் தோட்டங்களில் பத்தாண்டு வைத்தியம் பார்த்தார். பிறகு துறவியாகிச் சுவாமி சிவானந்தர் ஆனார். 1927-ல் தம் காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் வைத்தார். பத்ரி, கேதார் போகும் யாத்ரீகர்களுக்கும் சாதுக்களுக்கும் ஒவ்வொருவராக மருந்து கொடுத்த பணி அது. 1936-ல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு முன்னோடியும் அதுவே.

கொரோனா காலத்தில் தொண்டுக்கு வரும் பணத்தின் போக்கும் மாறியது. கொரோனாச் செலவைக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கிடலாம் என்று ஒன்றிய அரசு 2020 மார்ச் 23-ல் அறிவித்தது. அடுத்த சில நாளில் பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பது தடையாயிற்று. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் வழியாகப் பணம் பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு இது சோதனையான நேரத்தில் வந்த சோதனை.

வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் அமைதிப் படை 2020 மார்ச்சில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 தொண்டர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1961-ல் தொடங்கியதிலிருந்து அப்படி எல்லோரையும் ஒருசேர அழைத்ததில்லை. அவர்கள் மறுபடி வெளிநாடு போனது 2022 மார்ச்சில். வெளியூரிலிருந்து வந்த தொண்டர் திரும்பிப் போய்விடலாம். உள்ளூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் கடைசிவரை ஓடியவை உள்ளூர் ஆட்களை நம்பிய திட்டங்களே.

2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளி வாசலை மிதிக்காத நேரம் அது. அந்தந்தத் தெருவில் படித்த பெண்களையே பெரும்பாலும் சேர்த்து, மாலை 5 மணிக்கு மேல் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் இருபது பிள்ளைகள் அளவில் வகுப்பு நடந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இதைவிட மலிவாக ஓர் அரசுக்கு எந்தப் பலனும் கிடைத்திருக்காது. அந்தப் பெண்களுக்கு அது போதிய தொகையும் அல்ல.